கரிசல் மண்ணும் எழுதும் மையும்

சாத்தூர், சிவகாசி, விருதுநகர் ஆகிய மூன்று ஊர்களும் ஒன்றுக்கொன்று முப்பது கிலோமீட்டர் தொலைவுக்குள் அடங்கிவிடுபவை. எழுத்தின் வரலாற்றில் அக்கறை கொண்டவர்களுக்கு இந்த முக்கோணம் ஒரு விநோதம். சாத்தூரில் பேனா நிப் செய்தார்கள். சிவகாசியில் நோட்டுப் புத்தகம் அச்சிட்டுத் தைத்தார்கள். விருதுநகரில் பருத்தியும் மிளகாய் வற்றலும் எண்ணெயும் பருப்பும் கைமாறிய கடைகளில் நாள் முழுவதும் கணக்கு எழுதினார்கள். எழுதும் முனையும், எழுதப்படும் தாளும், எழுதியே தீரவேண்டிய தேவையும் ஒரே மாவட்டத்தில் அமைந்திருந்தன. இடையில் வேண்டிய மை மட்டும் பெரும்பாலும் சென்னையிலிருந்தோ பம்பாயிலிருந்தோ கண்ணாடிப் புட்டியில் வந்து இறங்கியது.

நிப்பைப் பற்றியும் பட்டாசைப் பற்றியும் எழுதியவர்கள் உண்டு. மையைப் பற்றி நம்மவர்கள் அதிகம் எழுதவில்லை. எழுதுகிறவனின் கண் எழுத்தின் மேல் இருக்குமே அன்றி, அது எதனால் ஆனது என்பதில் இராது போலும்.

சொல்லிலிருந்தே தொடங்கலாம். தமிழில் மை என்றால் கருமை. கண்ணுக்கு இடுவது மை. மழை மேகத்தின் நிறம் மை. எழுதும் திரவத்துக்கு அந்தப் பெயர் வந்தது நிறத்தைக் கொண்டுதான். ஆகவே 'நீல மை', 'சிவப்பு மை' என்று நாம் தயக்கமில்லாமல் சொல்வதெல்லாம் சொல்லளவில் முரண்கள். நீலக் கருப்பு, சிவப்புக் கருப்பு! பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் 'இங்க்' என்றே சொல்லி இந்தச் சிக்கலைத் தாண்டிவிட்டார்கள்.

ஓலைக்கு மை வேண்டியதில்லை. எழுத்தாணி கீறினால் போதும். ஆனால் கீறல் கண்ணுக்குத் தெரியவேண்டுமே. விளக்குக் கரியோடு பச்சிலைச் சாறு கலந்து ஓலையில் பூசித் துடைப்பார்கள். மேற்பரப்பில் பட்டது துடைபட்டுப் போகும். கீறலுக்குள் புகுந்தது தங்கும். ஓலைச்சுவடி எழுதியவர்கள் முதலில் எழுதினார்கள், பிறகு மை இட்டார்கள். பேனா வந்தபின் இரண்டு செயல்களும் ஒன்றாயின. கரி என்பது வெயிலுக்கும் நீருக்கும் அசையாத பொருள். சுவடிகளில் ஓலை செல்லரித்துப் போயிருக்கும். எஞ்சிய துண்டில் கரி அப்படியே இருக்கும்.

காகிதம் வந்தபோது கரி மையோடு இன்னொரு மையும் வந்தது. நாட்டு மருந்துக் கடையில் இன்றும் அதன் இரண்டு முக்கியச் சரக்குகளும் பக்கத்துப் பக்கத்துப் பெட்டிகளில் இருக்கின்றன: கடுக்காய், அன்னபேதி. கடுக்காயில் துவர்ப்பு, அன்னபேதி என்பது இரும்பின் உப்பு. இரண்டையும் நீரில் சேர்த்தால் மங்கலான ஒரு திரவம் கிடைக்கும். எழுதும்போது வெளிறித் தெரியும். தாளில் காற்றுப் படப்பட இரும்பு ஆக்சிஜனை ஏற்று, கரையாத கரும்பொருளாகி, காகித இழையோடு கட்டிக்கொள்ளும். பிறகு தண்ணீர் ஊற்றினாலும் போகாது. ஐரோப்பாவில் இதே மையைக் கருவாலி மரத்தில் பூச்சி கடித்து உண்டாகும் முடிச்சுக் காய்களிலிருந்து செய்தார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அங்கே உயில்களும் ஒப்பந்தங்களும் அதில்தான் எழுதப்பட்டன.

கரிசல் காட்டுக்காரர்கள் இங்கே ஒரு நிமிடம் நின்று யோசிக்கலாம். கடுக்காய் மலையில் விளைவது. ஆனால் கரிசலில் தானாக நிற்கும் கருவேல மரத்தின் காயிலும் பட்டையிலும் தோல் பதனிடும் அளவுக்குத் துவர்ப்பு உண்டு. மைக்குக் கெட்டித்தன்மை தந்து, எழுத்து தாளில் பரவாமல் பிடித்துவைக்கும் பிசினும் அதே மரத்தில் வடிகிறது. (பின்னாளில் வந்து நிலத்தையெல்லாம் அடைத்துக்கொண்ட சீமைக் கருவேலத்தைச் சொல்லவில்லை, இது நாட்டுக் கருவேலம்.) எழுதும் மைக்கு வேண்டியது, இரும்பு உப்பு நீங்கலாக, இந்த நிலத்திலேயே நின்றுகொண்டிருந்தது.

இந்த இரும்பு மைக்கு ஒரு குறை. எழுதும் கணத்தில் எழுத்து சரியாகத் தெரியாது. பழங்காலத்தில் மையை முன்கூட்டியே காற்றில் வைத்துக் கறுக்கவிட்டுப் பயன்படுத்தினார்கள். அப்போது வண்டல் படிந்தது. 1832இல் லண்டனில் ஹென்றி ஸ்டீபன்ஸ் என்ற மருத்துவர் விற்பனைக்குக் கொண்டுவந்த திரவம் இதற்கு வழி சொன்னது. இரும்பு மையோடு ஒரு நீலச் சாயம் சேர்ந்திருக்கும். எழுதும்போது நீலம் தெரியும். காய்ந்து நாளானபின் கருமை ஏறும். இலக்கிய வாசகர்களுக்கு ஒரு உபரிச் செய்தி: இந்த ஸ்டீபன்ஸ் மருத்துவம் படித்த காலத்தில் கவிஞர் ஜான் கீட்ஸின் அறைத்தோழர். ஒருவர் கவிதைக்குப் போனார், மற்றவர் மைக்கு.

நாம் 'ப்ளூ பிளாக்' என்று சொல்லும் நிறத்தின் பிறப்பு இதுதான். நீலமும் கறுப்பும் கலந்த நிறம் என்று பலரும் நினைப்பதுண்டு. முதலில் அது ஒரு கால வரிசையின் பெயர்: முன்னால் நீலம், பின்னால் கறுப்பு. இன்று அந்தப் பெயரில் விற்கும் மைகளில் பெரும்பாலானவற்றில் இரும்பு கிடையாது. வெறும் சாயக் கலவை. பெயர் நின்றது, வேதியல் போய்விட்டது.

இரும்பு மைக்கு இன்னொரு குணமும் உண்டு. அது அமிலம். எஃகு நிப்பைத் தின்றுவிடும். தொட்டு எழுதும் பேனாவில் நிப் கெட்டால் கழற்றி எறிந்துவிட்டு வேறு செருகலாம். ஆனால் 1884இல் லூயிஸ் வாட்டர்மேன் காப்புரிமை பெற்ற வகையில், மையை வயிற்றிலேயே வைத்துக்கொண்டிருக்கும் ஊற்றுப் பேனா வந்தபோது, நாளெல்லாம் அமிலத்தில் ஊறிக் கிடக்கும் முனைக்குத் தங்கம் வேண்டியிருந்தது. தங்க நிப் ஆடம்பரத்துக்காக வந்தது என்று எண்ணுவது சரியன்று. அரிக்காத உலோகம் அதுவாக இருந்தது. ஊற்றுப் பேனா ஏழைப் பிள்ளையின் சட்டைப்பைக்கு வரவேண்டுமானால் இரண்டு மாற்றங்கள் நிகழவேண்டும். மையில் அமிலம் குறையவேண்டும். எஃகு துருப்பிடிக்காததாக வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் இரண்டுமே நடந்தன. 1856இல் வில்லியம் பெர்க்கின் என்ற பதினெட்டு வயது இளைஞர் கொயினா மருந்தைச் செயற்கையாகச் செய்யப் போய் ஊதாச் சாயத்தில் கையை வைத்ததிலிருந்து செயற்கைச் சாயங்கள் பெருகின. அவை நீரில் கரைந்தன, மலிவாகவும் கிடைத்தன. அந்தச் சாய மையும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் சந்தித்த இடத்தில்தான் சாத்தூருக்கு வேலை வந்தது.

சாத்தூர் என்றால் வெளியூர்க்காரர்களுக்குச் சேவு ஞாபகம் வரும். கோடையில் வைப்பாற்றங்கரை வெள்ளரிக்காய். இந்த வரிசையில் மூன்றாவதாக நிப் இருந்தது. வீட்டுத் திண்ணைகளையும் சிறு பட்டறைகளையும் நம்பி வளர்ந்த தொழில் அது. மெல்லிய எஃகுத் தகட்டிலிருந்து இலை வடிவத்தில் வெட்டி எடுப்பார்கள். பெயர் பொறிப்பார்கள். நடுவில் துளையிடுவார்கள். தட்டையாக இருப்பதை அச்சில் வைத்து வளைப்பார்கள். பிறகு துளையிலிருந்து முனைவரை மயிரிழை போன்ற பிளவு. கடைசியில் மெருகு, சிலவற்றுக்குத் தங்க நிறப் பூச்சு. விரலில் ஒட்டினால் தெரியாத அளவுள்ள ஒரு பொருள் இத்தனை கைகளைக் கடந்து வந்தது. அவற்றில் பெண்களின் கைகள் மிகுதி.

அந்தப் பிளவுதான் நிப்பின் உயிர். குறுகலான இடத்தில் நீர் தானாகவே ஏறி ஊர்ந்து செல்லும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதும் இதனால்தான். பிளவு அகன்றால் மை கொட்டும், நெருங்கினால் வராது. துளை, பிளவு மேற்கொண்டு கிழிந்து போகாமல் காக்கிறது. நிப்புக்கு அடியில் இருக்கும் கறுப்புத் துண்டை நம் பிள்ளைகள் 'நாக்கு' என்றார்கள்; நிப் செருகும் பகுதி 'கழுத்து'. நாக்கின் வேலை, மை வெளியே போகும் அளவுக்குக் காற்றை உள்ளே விடுவது. சட்டைப்பையில் பேனா கக்கினால் நாக்கும் நிப்பும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்று பொருள். பையன்கள் பல்லால் கடித்து இழுத்து நாக்கை உருவுவார்கள். பிளேடால் பிளவைச் சுரண்டுவார்கள். சிமெண்டுத் தரையில் நிப்பைத் தேய்த்து வழவழப்பாக்குவார்கள். உதடு நீலமாக வகுப்பில் உட்கார்ந்திருந்த பையனை இந்த மாவட்டத்தில் பார்க்காத ஆசிரியர் இருந்திருக்க முடியாது.

விருதுநகருக்கு வருவோம். 1923இல் விருதுபட்டி விருதுநகர் ஆயிற்று. அதற்கு முன்பே, 1889இல், அங்கே சத்திரிய வித்தியாசாலை தொடங்கியது. வீட்டுக்கு வீடு சமைக்கும் அரிசியில் ஒரு பிடி எடுத்துவைத்துப் பள்ளிக்கூடம் நடத்திய ஊர். காமராசர் படித்தது அங்கேதான். படிப்பு பாதியில் நின்றுபோனதும் அங்கேதான். 1954 முதல் 1963 வரை அவர் முதலமைச்சராக இருந்த காலத்தில் திறந்த பள்ளிகளும், 1956இல் விரிவாகத் தொடங்கிய மதிய உணவும் எத்தனை பிள்ளைகளைப் பலகையின் முன் உட்காரவைத்தன என்பதைப் பலர் எழுதியிருக்கிறார்கள். அத்தனை பிள்ளைகளுக்கும் ஒரு நிப்பும் ஒரு நோட்டும் ஒரு புட்டி மையும் வேண்டியிருந்தது என்பதை நாம் சேர்த்துக்கொள்ளலாம். சாத்தூர்ப் பட்டறைகளும் சிவகாசி நோட்டுகளும் செழித்த காரணங்களில் இதுவும் ஒன்றாகவே இருக்கவேண்டும்.

அந்த ஊரின் வியாபாரக் கடைகளில் சிட்டை, பேரேடு, ஐந்தொகை என்று கணக்கு நடந்தது. கணக்குப்பிள்ளைகளுக்கு மையில் ஒரே ஒரு குணம் போதும்: அழியக்கூடாது. நிறம் அழகாக இருக்கிறதா, பேனா வழுக்கிப் போகிறதா என்பதெல்லாம் அவர்கள் கவலையில்லை. பள்ளிக்கூடத்து மைக்கு நேர் எதிரான இலக்கணம்: சட்டையில் பட்டால் அழியவேண்டும். 1931இல் பார்க்கர் நிறுவனம் கொண்டுவந்த குயிங்க் மை இந்த இரண்டு சந்தைகளையும் தெளிவாகப் பிரித்தது. நிலைப்பது ஒரு வரிசை, துவைத்தால் போவது இன்னொரு வரிசை. 'ராயல் ப்ளூ' துவைத்தால் போகும் வரிசையைச் சேர்ந்தது. அந்த நீலத்துக்கு ராஜ கம்பீரம் பெயரோடு சரி.

மை அரசியலும் ஆனது. சுதேசி இயக்கம் துணியோடும் உப்போடும் நிற்கவில்லை. கடிதம் கடிதமாக எழுதிக் குவித்த காந்தி சுதேசிப் பேனாவைத் தேடினார். ராஜமுந்திரியில் ரத்தினம் செய்து கொடுத்த பேனாவுக்கு 1935இல் அவர் நன்றி எழுதியது தெரிந்த கதை. பேனா சுதேசி, உள்ளே இருப்பது சீமை மை என்றால் எப்படி? வங்காளத்தில் வேதியலாளர் சதீஷ் சந்திர தாஸ்குப்தா சுதேசி மைக்கு முறை வகுத்தார்; அதைத் தொடர்ந்து 1934இல் மைத்ரா சகோதரர்கள் தொடங்கியது 'சுலேகா'. நல்லெழுத்து என்று பொருள்படும் பெயர். பம்பாயில் 1931இல் தண்டேகர் சகோதரர்கள் குதிரை மார்க் மைத் தூளும் மை மாத்திரையும் விற்கத் தொடங்கினார்கள். அதுவே பிறகு கேம்லின் ஆகி, ஒட்டகப் படம் போட்ட புட்டியாக நம்மூர்ப் பெட்டிக்கடைகளுக்கு வந்தது. சென்னையிலிருந்து பிரில் வந்தது. தென் மாவட்டங்களில் ஒரு தலைமுறைக்கு மை என்றாலே பிரில் என்று இருந்தது.

மாத்திரை மையைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு வில்லையை வாங்கித் தண்ணீரில் கரைத்தால் புட்டி மை ஆயிற்று. வறண்ட மாவட்டத்தின் கிணற்றுத் தண்ணீரில் உப்பும் சுண்ணாம்பும் மிகுதி. அந்தத் தண்ணீரில் கரைத்த சாயம் ஒழுங்காக ஒரு நிறத்தில் நிற்காது, அடியில் படியும், பிளவை அடைக்கும். பேனா எழுதவில்லை என்று உதறி உதறி முன்வரிசைப் பையனின் முதுகில் நீலப் பொட்டு வைத்ததில் தண்ணீருக்கும் ஒரு பங்கு உண்டு.

புட்டி மையைத் திறந்ததும் வரும் அந்த வாசனை, ஆஸ்பத்திரியை நினைவூட்டுவது, பெரும்பாலும் கார்பாலிக் அமிலத்தின் வாசனை. சாயமும் தண்ணீரும் சேர்ந்த இடத்தில் பூஞ்சை வளரும். அதைத் தடுக்கச் சேர்த்தார்கள். இளமையின் வாசனை என்று நாம் உருகுவது ஒரு கிருமிநாசினிக்கு.

மையின் நல்லது கெட்டது மையில் மட்டும் இல்லை. பாதி தாளில் இருக்கிறது. தாள் செய்யும்போது நீர் ஏறாதபடி பசையூட்டினால் மை மேலேயே நின்று மெதுவாகக் காயும். கோட்டின் ஓரம் கூர்மையாக இருக்கும். மை தேங்கிய இடம் அடர்ந்தும் ஓடிய இடம் வெளிறியும் ஒரே சொல்லுக்குள் இரண்டு மூன்று நீலங்கள் தெரியும். பசை குறைந்த மலிவுத் தாளில் மை இழைகளின் வழியே ஓடி எழுத்துக்கு மீசை முளைக்கும்; மறுபக்கமும் ஊறும். இருபது பக்கம் குறைவான விலை நோட்டில் ஒரு பக்கம் மட்டுமே எழுத முடிந்த பிள்ளைக்கு அது உண்மையில் குறைந்த விலை நோட்டு அல்ல. கொட்டிய மையைச் சுண்ணக்கட்டியை உருட்டி உறிஞ்ச வைத்ததும், பாதி வெள்ளை பாதி நீலமான அந்தச் சுண்ணக்கட்டியால் ஆசிரியர் கரும்பலகையில் எழுதப் புகுந்து திடுக்கிட்டதும் பலருக்கு நினைவிருக்கும்.

நிறங்களுக்குள் சாதி உண்டு. நீலம் மாணவனுக்கு, சிவப்பு ஆசிரியருக்கு, பச்சை அதிகாரிக்கு. கெசட் அதிகாரிகள் எல்லோரும் பச்சை மையில் கையெழுத்திடவேண்டும் என்று ஒரு நம்பிக்கை நம்மிடம் வேரூன்றியிருக்கிறது. மத்திய அரசின் அலுவலக நடைமுறைக் கையேடு சொல்வது வேறு: எல்லோரும் நீலமோ கறுப்போ பயன்படுத்தவேண்டும்; இணைச் செயலாளரும் அதற்கு மேற்பட்டவரும் மட்டும், அதுவும் அரிதாக, பச்சையோ சிவப்போ பயன்படுத்தலாம். நடைமுறையில் பச்சை ஒரு மகுடமாகிவிட்டது. சான்றொப்பத்துக்காகப் பச்சைப் பேனா வைத்திருப்பவரின் வீட்டு வாசலில் காத்து நின்றவர்களுக்கு அந்த நிறத்தின் எடை தெரியும்.

இந்த வரிசைக்கு வெளியே ஒரு நிறம் இருந்தது: ஊதா. முத்திரைத் திண்டின் மை. திண்டில் காயாமல் இருக்கக் கிளிசரின் போன்ற பொருளில் கரைத்த ஊதாச் சாயம். கைநாட்டு வைத்தவர்களின் பெருவிரலில் அது இரண்டு நாள் இருக்கும். வெள்ளைத் தாளில் வரி வரியாய் ஒரு நீள்வட்டம். பக்கத்தில் வேறொருவர் எழுதிய 'இன்னார் கைநாட்டு'. எழுதத் தெரியாதவர்களிடம் மை வந்து சேர்ந்தது அந்த ஒரு வடிவத்தில்தான். (தேர்தலில் விரலில் வைப்பது வேறு வகை, 1962 முதல் மைசூரிலிருந்து வரும் வெள்ளி உப்புக் கரைசல். அதுவும் வெளிச்சம் பட்ட பிறகே கறுக்கும்.)

சிவகாசியின் கதையை இங்கே தவிர்க்க முடியாது. 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பியதிலிருந்து வளர்ந்த ஊர் அது. மழை குறைந்த பூமியில் தீக்குச்சியும் பிறகு பட்டாசும் அச்சும் சோறு போட்டன என்பது உண்மை. அதே உண்மையின் மறுபாதி, விடியும் முன் கிராமங்களுக்கு வந்த பேருந்துகளில் பிள்ளைகள் ஏறிப் போனார்கள் என்பது. நிப் பிடிக்கவேண்டிய விரல்களில் நீலம் இல்லை. கந்தகமும் அலுமினியத் தூளும் இருந்தன. பக்கத்து ஊரில் செய்த நிப்பும், அதே ஊரில் தைத்த நோட்டும் நாடெங்கும் உள்ள பிள்ளைகளுக்குப் போய்க்கொண்டிருந்தபோது, அவற்றைத் தொடாமல் வளர்ந்த பிள்ளைகள் அந்த ஊர்களிலேயே இருந்தார்கள். எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: ஆபத்தான தொழிலில் அமர்த்திய ஒவ்வொரு குழந்தைக்கும் 20,000 ரூபாயை முதலாளி நலநிதியில் செலுத்தவேண்டும். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு அறிவொளி இயக்கம் வந்தது. பகலில் தீப்பெட்டி அடைத்த பெண்கள் இரவில் வந்து உட்கார்ந்து தம் பெயரை எழுதிப் பழகினார்கள். ஊதாவிலிருந்து நீலத்துக்கு வந்த அந்தப் பயணத்தை எந்த மை வரலாற்றிலும் நாம் பார்த்ததில்லை.

பட்டாசின் நிறத்துக்கும் மையின் நிறத்துக்கும் இடையே ஒரு தலைகீழ் உறவு இருக்கிறது; அதைச் சொல்லாமல் போக மனமில்லை. மை, தன்மேல் விழும் வெளிச்சத்தில் ஒரு பகுதியை விழுங்கிவிட்டு மீதியைக் காட்டுகிறது. மத்தாப்பு, தானே வெளிச்சம் தருகிறது. ஸ்ட்ரான்சியம் சிவப்பு, பேரியம் பச்சை, சோடியம் மஞ்சள். மருந்து கலப்பவர்களுக்கு எக்காலத்திலும் சவாலாக இருந்த நிறம் நீலம். செம்பும் குளோரினும் சேர்ந்த கூட்டுதான் நீலச் சுடர் தரும். சூடு கொஞ்சம் மிஞ்சினால் அந்தக் கூட்டு சிதைந்து நிறம் வெளுத்துவிடும். சூடு குறைந்தாலோ சுடர் மங்கிவிடும். எழுத்துக்காரனுக்கு நாலணாவுக்குக் கிடைத்த நிறம் பட்டாசுக்காரனுக்குப் பெருங்கனவு. பச்சைக்கு இப்போது வேறு சிக்கல்: 2018 அக்டோபரில் பட்டாசில் பேரியம் உப்புகளை உச்ச நீதிமன்றம் தடை செய்தது. அதிகாரியின் பச்சை நிற்கிறது, மத்தாப்பின் பச்சை வழக்கில் இருக்கிறது.

சிவகாசியில் இன்னொரு மையும் பாய்ந்தது. தீப்பெட்டி லேபிளுக்காகத் தொடங்கிய அச்சுத் தொழில் நாட்காட்டி, டைரி, சாமிப் படம் என்று விரிந்தது. அச்சு மை பேனா மையின் பங்காளி அல்ல; வேறு குலம். எண்ணெயில் குழைத்த நிறமித் தூள். கெட்டியானது, தாளில் ஓடாது, சட்டென்று காயும். ஹங்கேரியப் பத்திரிகையாளர் லாஸ்லோ பிரோவின் சிந்தனையைத் தூண்டியது அச்சு மையின் இந்தக் குணம்தான் என்பார்கள். அச்சகத்தில் காயும் மை பேனாவில் ஏன் காயக்கூடாது? ஆனால் அந்தக் கெட்டி மை நிப்பின் பிளவில் இறங்காது. ஆகவே முனையில் ஒரு சிறு குண்டை வைத்தார். 1938இல் காப்புரிமை. பந்துமுனைப் பேனா பிறந்தது.

அச்சு மையின் வழியில் வந்த இந்தப் பேனா சாத்தூர் நிப்பை முடித்தது. பள்ளிகளில் நெடுங்காலம் பந்துமுனைக்குத் தடை இருந்தது. கையெழுத்துக் கெட்டுவிடும் என்றார்கள். 1980களின் இறுதியில் வெள்ளை உடலும் நீல மூடியுமாக ரெனால்ட்ஸ் வந்தபின் தடை தானாகக் கரைந்தது. கக்காது, உதற வேண்டாம், புட்டி வேண்டாம். நியாயமாகப் பார்த்தால் பிள்ளைகளின் தேர்வில் குற்றம் சொல்ல எதுவுமில்லை. மிஞ்சிய கொஞ்சம் ஊற்றுப் பேனா சந்தையையும் சீனத்து ஹீரோ பேனாக்கள் பங்கு கேட்டன. சாத்தூரில் பட்டறைகள் ஒவ்வொன்றாக அடங்கின; அந்தக் கைகள் தீப்பெட்டிக்கும் வேறு வேலைகளுக்கும் போயின.

இப்போது ஊற்றுப் பேனா திரும்பியிருக்கிறது, ஆனால் வேறு வாசல் வழியாக. சேகரிப்பவர்கள், வண்ணப் பிரியர்கள். 1980களின் இறுதியில் கதவடைத்த சுலேகா 2020இல் மீண்டும் மைப் புட்டிகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. நீல எழுத்தின் மேல் செம்பு நிற மினுக்கம் காட்டும் மைகள், மினுக்குத் தூள் கலந்தவை என்று நூறு வகை. நமக்கு இவற்றில் விரோதமில்லை. ஆனால் ஒரு புட்டியின் விலையில் முன்பு ஒரு வகுப்பறையே ஓராண்டு எழுதியிருக்கும் என்ற கணக்கு மனதில் ஓடுவதை நிறுத்த முடியவில்லை.

நமக்குள்ள கவலை நிறத்தைப் பற்றியது அல்ல, ஆயுளைப் பற்றியது. 1950 முதல் 1990 வரையிலான தமிழ் எழுத்தின் கையெழுத்துப் பிரதிகளில் பெரும்பகுதி சாய மையில், மலிவுத் தாளில் எழுதப்பட்டவை. சிறுபத்திரிகை ஆசிரியர்களின் கடிதங்கள், அச்சேறாத கதைகள், நாட்குறிப்புகள். துவைத்தால் போகும் நீலம் வெயிலிலும் போகும். ஒரு மழைக்காலத்து ஒழுகலுக்கும் தாங்காது. கம்பெனிக் காலத்து இரும்பு மை ஆவணங்களை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இன்றும் படிக்கலாம். அவற்றுக்கு எதிர்த்திசையில் ஆபத்து. இரும்பு மையின் அமிலம் தாளை அரித்து, எழுத்து இருந்த இடத்தில் எழுத்து வடிவிலேயே ஓட்டை விழும். ஒன்றில் மை போய்த் தாள் நிற்கிறது. மற்றதில் தாள் போகிறது. ஓலையையும் கரியையும் கைவிட்டவர்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டோம். வீட்டில் பழைய கடிதக் கட்டு வைத்திருப்பவர்கள் அதை ஜன்னலோரத்திலிருந்து உள்ளறைக்கு மாற்றுவதும், மாற்றும் முன் படம் பிடித்துவைப்பதும் இன்றைக்கே செய்யக்கூடிய காரியங்கள்.

சென்ற கோடையில் நாம் ஒரு சிறிய சோதனை செய்து பார்த்தோம். சிவகாசித் தாளைக் கீற்றுகளாக வெட்டி, ராயல் ப்ளூ, கறுப்பு, சிவப்பு, பச்சை ஆகியவற்றில் ஒரே வாக்கியத்தை எழுதி, பாதியை அட்டையால் மறைத்துத் தெற்கு ஜன்னலில் ஒட்டினோம். ஆறு வாரம் கழித்து எடுத்தபோது நீலத்தின் திறந்த பாதி சாம்பல் பூத்திருந்தது. சிவப்பு அதைவிட மோசம். ஆசிரியர்களின் திருத்தங்கள்தான் முதலில் மறையும் போலிருக்கிறது. கறுப்பு பழுப்பாகியிருந்தது. பச்சை பரவாயில்லை.

பிறகு கடுக்காயைத் தட்டி இரவெல்லாம் ஊறவைத்து, வடிகட்டி, அன்னபேதிப் பொடியும் கொஞ்சம் கருவேலம் பிசினும் சேர்த்தோம். நண்பர் ஒருவர் மேசை இழுப்பறையில் ஒரு பொட்டலம் பழைய சாத்தூர் நிப் வைத்திருந்தார், துருவில்லை. ஊற்றுப் பேனாவில் இந்த மையை ஊற்றக்கூடாது, வண்டல் அடைத்துக்கொள்ளும். நிப்பை ஒரு குச்சியில் செருகித் தொட்டுத்தான் எழுதினோம். தாளில் விழுந்தது கழுவிய சிலேட்டின் நிறம். எழுத்து இருக்கிறதா இல்லையா என்று சாய்த்துப் பார்க்கவேண்டியிருந்தது. ஏமாற்றத்தோடு தேநீர் குடிக்க வெளியே போனோம். அரை மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தபோது தாள் மேசையில் அதே இடத்தில் கிடந்தது. வாசலில் நின்றே வாசிக்க முடிந்தது.